கண்ணை மூடிக்கொண்டு உங்கள் பதிவைக் கேளுங்கள்: எல்லோருக்கும் எட்டும்படி சமூக வலைத்தளங்களில் எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் ஊரில் மாதம் ஒருமுறை கூடும் வாசிப்பு வட்டத்தின் முகநூல் பக்கத்தையும் வாட்ஸ்அப் குழுவையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் நடக்கும் இடத்தைக் கடைசி நேரத்தில் மாற்ற வேண்டியிருந்தது. மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்தில் ஒரு படம் செய்து, மேலே "முக்கிய அறிவிப்பு" என்று மட்டும் எழுதிப் போட்டுவிட்டேன். எல்லோரும் புது இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள், ஒருவரைத் தவிர. அவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர், பார்வையற்றவர், ஒரு கூட்டத்தையும் விடாதவர். பழைய இடத்தில் பூட்டிய கதவுக்கு முன்னால் நாற்பது நிமிடம் நின்றுவிட்டு, ஆட்டோ பிடித்து வீடு திரும்பியிருக்கிறார். சாயங்காலம் போன் செய்தார். "தம்பி, நீங்க போட்டதுல 'முக்கிய அறிவிப்பு, படம்'னு மட்டும்தான் என் போன் சொல்லுச்சு. என்ன அறிவிப்புன்னு சொல்லலையே?" குரலில் கோபமே இல்லை. அதனால்தான் எனக்குக் கூடுதலாக வலித்தது.

அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டவற்றை, செய்து பார்த்த வரிசையிலேயே எழுதுகிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. முதல் மூன்று படிகளை மட்டும் செய்தாலும் உங்கள் பதிவுகள் நிறைய பேருக்குத் திறந்துவிடும்.

படி 1: உங்கள் பதிவை நீங்களே காதால் கேளுங்கள்

பார்வையற்றவர்கள் போனையும் கணினியையும் ஸ்கிரீன் ரீடர் என்னும் மென்பொருள் வழியாகப் பயன்படுத்துகிறார்கள். திரையில் இருக்கும் எழுத்தை அது குரலாக வாசிக்கும். ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்று போனுடனேயே அது வருகிறது. விண்டோஸ் கணினிக்கு இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ என்னும் ஸ்கிரீன் ரீடரை 2006இல் தொடங்கியவர்கள் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன், ஜேம்ஸ் டே. இருவருமே பார்வையற்றவர்கள். தமிழை வாசிக்கும் குரல்களும் இன்று இருக்கின்றன. ஆக, கருவி எல்லோர் கையிலும் இருக்கிறது. அது வாசிக்கும்படி நாம் எழுதுகிறோமா என்பதுதான் கேள்வி.

டாக்பேக்கை அமைப்புகளில் அணுகல்தன்மைப் பிரிவில் காணலாம். ஆனால் ஆன் செய்யும் முன் ஆஃப் செய்வது எப்படி என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆன் ஆனதும் போனின் நடத்தையே மாறிவிடும். ஒருமுறை தொட்டால் அது வாசிக்கும், அவ்வளவுதான். எதையாவது திறக்க இருமுறை தட்ட வேண்டும், திரையை நகர்த்த இரண்டு விரல் வேண்டும். பல போன்களில், ஒலியைக் கூட்டும் குறைக்கும் பொத்தான்களைச் சேர்த்துச் சில நொடி அழுத்திப் பிடிப்பதைக் குறுக்குவழியாக வைத்துக்கொள்ளலாம். அதை முதலில் அமைத்துவிட்டு, உங்கள் பக்கத்தின் கடைசிப் பத்துப் பதிவுகளைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.

நான் கேட்டபோது பத்தில் ஏழு பதிவுகள் "படம்" என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்துபோயின. இந்த அரை மணி நேரம்தான் இந்த வழிகாட்டி முழுவதிலும் முக்கியமான பகுதி. மீதியை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள் என்றுகூடச் சொல்லலாம்.

படி 2: படத்துக்குள் அடைபட்ட எழுத்தை வெளியே எடுங்கள்

தமிழ்ப் பதிவுகளில் நான் பார்க்கும் பெரிய தடை இதுதான். கல்யாணப் பத்திரிகை, இரங்கல் செய்தி, ரத்த தான முகாம், வேலைவாய்ப்பு, கோயில் திருவிழா நிகழ்ச்சி நிரல், எல்லாமே படமாகத்தான் வருகின்றன. பார்வையற்றவருக்கு அது வெறும் படம். வயதானவருக்கோ பெரிதாக்கினால் மங்கும் எழுத்து. இணைய வேகம் குறைந்த ஊரில் இருப்பவருக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம். படத்துக்குள் இருக்கும் தொலைபேசி எண்ணைப் பெரும்பாலும் தொட்டு அழைக்க முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படம் வேண்டாம் என்று சொல்லவில்லை. படத்தில் உள்ள செய்தி முழுவதையும் பதிவிலும் தட்டச்சு செய்யுங்கள். "விவரங்கள் படத்தில்" என்று எழுதுவது போதாது. அந்த ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பை நான் இப்படிப் போட்டிருக்க வேண்டும்:

"இடம் மாறிவிட்டது. இன்று, ஞாயிறு மாலை 5 மணிக்கு நடக்கும் வாசிப்பு வட்டக் கூட்டம் நூலக அரங்கில் இல்லை. பக்கத்துத் தெருவில் உள்ள தொடக்கப் பள்ளியின் முதல் வகுப்பறையில். பள்ளி வாசலில் ஒருவர் நின்று வழிகாட்டுவார். வாசலில் இரண்டு படிகள் உண்டு, சாய்தளம் இல்லை. சக்கர நாற்காலியில் வருபவர்கள் முன்கூட்டிச் சொன்னால் உதவிக்கு ஆள் இருப்போம்."

என்ன மாறியது என்பது முதல் வரியிலேயே வந்துவிட்டதைக் கவனியுங்கள். கேட்டு வாசிப்பவரால் கண்ணை ஓட்டி முக்கியமானதைத் தேட முடியாது. வரிசையாகத்தான் கேட்க வேண்டும். அந்தப் படிகளைப் பற்றிய வாக்கியத்தை நிகழ்ச்சி அறிவிப்புகளில் எல்லோரும் சேர்க்க வேண்டும் என்பது என் ஆசை. சாய்தளம் இல்லாதது ஒரு குறை, அதை மறைப்பது இன்னொரு குறை.

அடுத்தவர் செய்த சுவரொட்டியைப் பகிரும்போது எல்லாவற்றையும் தட்டச்சு செய்ய நேரமில்லையா? கூகுள் லென்ஸ் படத்திலிருந்து தமிழ் எழுத்தைப் பிரித்தெடுத்துத் தரும். அலங்கார எழுத்தில் தடுமாறும், இலக்கங்களைச் சில சமயம் மாற்றிப் படிக்கும். எனவே தேதி, எண் ஆகியவற்றைக் கண்ணால் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அச்சகத்திலிருந்து வாங்கிய கோப்பிலிருந்து நகலெடுப்பவர்களுக்கு ஒன்று. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழ், உண்மையில் ஆங்கில எழுத்துகளின் மேல் போர்த்திய தமிழ் உருவம். முகநூலில் ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக விழும். தமிழுக்கு 1991இலிருந்தே யூனிகோடில் தனி இடம் இருக்கிறது. எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டு யூனிகோடுக்கு மாற்றிவிட்டுப் பதிவிடுங்கள்.

படி 3: படத்துக்கு மாற்று உரை எழுதுங்கள்

எழுத்தில்லாத புகைப்படங்களுக்கு மாற்று உரை எழுதலாம். அது திரையில் தெரியாது. ஸ்கிரீன் ரீடர் அந்தப் படத்துக்கு வரும்போது அதை வாசிக்கும். எக்ஸ் தளத்தில் படத்தைச் சேர்த்ததும் அதன் மேலேயே இதற்கான பொத்தான் வரும், 1,000 எழுத்துகள் வரை எழுதலாம். மாஸ்டடான் என்னும் சமூக வலைத்தளத்தில் 1,500. இன்ஸ்டாகிராமில் 2018 முதல் இந்த வசதி உண்டு, பகிர்வதற்கு முந்தைய திரையில் கூடுதல் அமைப்புகளுக்குள் இருக்கும். முகநூலில் படத்தைத் திருத்தும் இடத்தில் பாருங்கள். மெனுக்கள் அடிக்கடி இடம் மாறுகின்றன, ஆனால் 'ஆல்ட்' (Alt) என்ற சொல்லைத் தேடினால் சிக்கிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படத்தின் கீழேயே இரண்டு வரி எழுதிவிடுங்கள், எல்லோரும் படிக்கட்டும்.

முகநூல் 2016 முதல் தானாகவும் படத்துக்கு விவரிப்பு சேர்க்கிறது. அதை நம்பி விட்டுவிடாதீர்கள். "மூன்று பேர், வெளிப்புறம், மரம்" என்ற ரீதியில் அது சொல்வது உங்கள் அம்மாவின் அறுபதாம் கல்யாணமாக இருக்கலாம்.

எப்படி எழுதுவது? அந்தப் படத்தை ஒருவருக்குத் தொலைபேசியில் சொல்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வட்டத்தின் ஒரு படத்துக்கு நான் முதலில் எழுதியது: "கூட்டம்." பிறகு எழுதியது: "வேப்பமரத்தடியில் பாய் விரித்து இருபது பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். கையில் புத்தகத்துடன் ஒரு பெண் நின்று பேசுகிறார். அவர் காலடியில் உட்கார்ந்திருக்கும் சிறுவன் வாயைப் பிளந்து கேட்கிறான்." அந்தச் சிறுவனுக்காகத்தான் நான் அந்தப் படத்தையே போட்டேன். அவன் மாற்று உரையில் இல்லையென்றால் படத்தைப் போட்டதற்கே பொருளில்லை.

ஏன் அந்தப் படத்தைப் போடுகிறீர்கள் என்பதே எதைச் சொல்ல வேண்டும் என்பதை முடிவு செய்யும். ஒரே கல்யாணப் படத்தைச் சேலைக் கடைக்காரர் போட்டால் "அரக்குச் சிவப்பு உடல், மயில் நீலக் கரை, கையகல ஜரிகை" என்று எழுத வேண்டும். பெண்ணின் அத்தை போட்டால் "தாலி கட்டும் நேரம், பெண் தலைகுனிந்து சிரிக்கிறாள், பின்னால் அவள் அப்பா கண்ணைத் துடைக்கிறார்" என்பது போதும். "இது ஒரு படம்" என்று தொடங்காதீர்கள், படம் என்பதை ஸ்கிரீன் ரீடரே சொல்லிவிடும். பதிவு எந்த மொழியோ மாற்று உரையும் அதே மொழியில் இருக்கட்டும்.

மீம்களை விட்டுவிடாதீர்கள். 2019 மே மாதம் இணையம் முழுக்க, வடிவேலு ஒரு படத்தில் நடித்த நேசமணி பாத்திரத்துக்காக வேடிக்கையாகப் பிரார்த்தித்தபோது, வடிவேலு படங்களைப் பார்த்து எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அநேகமாக எல்லாமே படங்கள். "அந்த ரெண்டு நாளும் எல்லாரும் எதுக்குச் சிரிக்கிறாங்கன்னே எனக்குத் தெரியாது" என்று அந்தத் தமிழாசிரியர் ஐயா பின்னாளில் சொன்னார். மீமுக்கு எழுத வேண்டியது மூன்று விஷயம்: யார், என்ன முகபாவம், என்ன வசனம். சிரிப்பில் பங்கு கிடைக்காமல் போவதும் ஒரு ஒதுக்கல்தான். செய்தி கிடைக்காமல் போவதைவிட அது சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை.

படி 4: எழுத்தைக் காதுக்கு ஏற்றபடி எழுதுங்கள்

தமிழைத் தமிழ் எழுத்தில் எழுதுங்கள். ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்த தமிழை ஸ்கிரீன் ரீடர் ஆங்கிலமாகவே நினைத்து உச்சரிக்கும். "naan varen" என்பது யாருக்கும் புரியாத ஒலியாகிவிடும். தட்டச்சு தெரியாது என்றால் போனில் குரலால் தமிழில் சொல்லி எழுத வைக்கலாம். எழுதியதை ஒருமுறை படித்துத் திருத்தினால் போதும்.

சொற்களை உடைக்காதீர்கள். தளம் தடுத்துவிடுமோ என்று பயந்து "கொ.லை" என்றும் நடுவில் நட்சத்திரக் குறி போட்டும் எழுதுகிறார்கள். கேட்பவருக்கு அது உடைந்த அசைகள்தான். புள்ளியை விட்டுவிட்டால் 'பல்' என்பது 'பல' ஆகும். கண் அதைச் சரிசெய்து படித்துவிடும், குரல் எழுதியதைத்தான் சொல்லும்.

தொலைபேசி எண்ணை ஐந்து ஐந்தாக இடைவெளி விட்டு எழுதுங்கள். பத்து இலக்கமும் ஒட்டியிருந்தால் சில குரல்கள் அதை ஒரே எண்ணாக எடுத்துக்கொண்டு கோடி, லட்சம், ஆயிரம் என்று வாசிக்கும். தேதியை 5/6 என்று எழுதாமல் "ஜூன் 5" என்றே எழுதுங்கள். அமெரிக்காவில் இருக்கும் உறவினர்களுக்கு அது மே 6.

ஹேஷ்டேக்கில் சொற்களைப் பிரிக்க ஆங்கிலத்தில் பெரிய எழுத்தைப் பயன்படுத்துகிறார்கள். தமிழில் பெரிய எழுத்து கிடையாது, எனவே அடிக்கோடு நமக்கு நல்ல தீர்வு. #சென்னைமழைஉதவி என்பதைவிட #சென்னை_மழை_உதவி கண்ணுக்கும் காதுக்கும் தெளிவு. இரண்டு மூன்று போதும், பதிவின் கடைசியில் வையுங்கள்.

ஒவ்வொரு எமோஜிக்கும் ஒரு பெயர் உண்டு, அதை ஸ்கிரீன் ரீடர் வாசிக்கும். வரிசையாகப் பன்னிரண்டு கைகூப்பு போட்டால் அந்தப் பெயர் திரும்பத் திரும்ப ஒலிக்கலாம். இரங்கல் செய்தியில் இதைக் கேட்பது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒன்று போதும், அதுவும் வாக்கியம் முடிந்த பிறகு. பெயரை ஆங்கிலத்தில் வளைந்த, தடித்த 'ஸ்டைலான' எழுத்துகளில் எழுதித் தரும் செயலிகளையும் விட்டுவிடுங்கள். அவற்றில் பல உண்மையில் கணிதக் குறியீடுகள். ஸ்கிரீன் ரீடர் ஒவ்வொன்றையும் கணிதக் குறியீடாகவே வாசிக்கும், அல்லது மொத்தமாகத் தாண்டிப் போய்விடும்.

படி 5: வீடியோ என்றால் இரண்டு பக்கமும் யோசியுங்கள்

காது கேளாதவருக்கு வசன வரிகள் வேண்டும். தானாக வரும் வசன வரிகள் தொடக்கத்துக்கு நல்லது. ஆனால் நெல்லைப் பேச்சோ, மட்டக்களப்புப் பேச்சோ, வேகமான சென்னைப் பேச்சோ வந்தால் தடுமாறும். கையால் திருத்துங்கள். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். ரீல்ஸில் திரையின் அடிப்பகுதியைத் தளத்தின் பொத்தான்களும் பெயர்களும் மூடிவிடும், எனவே வரிகளைக் கொஞ்சம் மேலே வையுங்கள். "கதவு தட்டும் சத்தம்", "கூட்டம் கைதட்டுகிறது" போன்ற ஒலிகளையும் குறிப்பிடுங்கள். சைகை மொழியையே தாய்மொழியாகக் கொண்டவர்கள் பலருக்குத் தமிழ் இரண்டாம் மொழி. சின்னச் சின்ன வாக்கியங்கள் அவர்களுக்கு உதவும்.

அப்புறம் மறுபக்கம். "திரையில் தெரியும் எண்ணுக்கு அழையுங்கள்" என்று சொல்லி முடிக்கும் வீடியோக்கள் எத்தனை! எண்ணை வாயால் இருமுறை சொல்லுங்கள். சமையல் வீடியோவில் பாட்டை மட்டும் ஓடவிட்டு எழுத்தில் அளவு காட்டினால், அந்தச் சமையல் பார்வையற்றவருக்குக் கிடையாது. "அரை ஸ்பூன் வெந்தயம்" என்று சொல்ல இரண்டு நொடிதான் ஆகும்.

குழுக்களில் ஏழு நிமிடக் குரல் செய்தி அனுப்புபவர்கள், சாரத்தை இரண்டு வரியில் கீழே எழுதிவிட்டால் காது கேளாதவர், பேருந்தில் இருப்பவர், தூங்கும் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எல்லோருக்கும் உதவி.

படி 6: நிறமும் மினுக்கும்

உலக அளவில் பின்பற்றப்படும் இணைய அணுகல்தன்மை வழிமுறைகள், சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடாவது (காண்ட்ராஸ்ட்) வேண்டும் என்கின்றன. முழு மஞ்சள் மேல் முழுச் சிவப்பு ஏறக்குறைய 3.7தான். நான் அன்று ஆசையாகச் செய்த படம் அந்த வகை. கறுப்பு மேல் வெள்ளை, வெள்ளை மேல் கறுப்பு, வெளிர் மஞ்சள் மேல் கருநீலம் ஆகியவை தெளிவாகத் தெரியும். "பச்சையில் உள்ளவை திறந்திருக்கும், சிவப்பில் உள்ளவை மூடியிருக்கும்" என்று நிறத்தை மட்டும் நம்பி எழுதாமல், "திறப்பு", "மூடல்" என்ற சொற்களையும் பக்கத்தில் சேருங்கள்.

வேகமாக மினுக்கும் காட்சிகளை நொடிக்கு மூன்று முறைக்கு மேல் போகவிடக் கூடாது என்பது அதே வழிமுறைகளின் விதி. 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு கார்ட்டூன் தொடரில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னிய காட்சியைப் பார்த்து, வலிப்பு, மயக்கம் என்று சுமார் 685 பேர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். பெரும்பாலும் குழந்தைகள். டிஜே விளக்குகளோடு எடுத்த திருமண வீடியோவைப் போடும்போது தொடக்கத்திலேயே ஒரு எச்சரிக்கை வரி எழுதுங்கள்.

படி 7: பதிவில் வேறொருவர் இருக்கிறாரா?

இதுவரை சொன்னது படிப்பவரைப் பற்றி. பதிவில் இடம்பெறுபவரும் இருக்கிறார்.

ரத்தம் தேவை என்ற பதிவிலிருந்து தொடங்குகிறேன். தேதி இருக்காது. "அவசரம்" என்று இருக்கும். நோயாளியின் மகனுடைய எண் இருக்கும். பதிவு பல மாதங்கள் சுற்றும். நோயாளி குணமாகியிருக்கலாம், இறந்தும் போயிருக்கலாம், அந்த மகனுக்கு அழைப்பு வந்துகொண்டே இருக்கும். பலமுறை ஃபார்வர்டு ஆன செய்தியை ஒரு நேரத்தில் ஒரே உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும் என்று 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. நகலெடுத்து ஒட்டுபவரை அது தடுக்காது. எனவே ரத்த வகை, மருத்துவமனை, ஊர், தேதி, நேரம், எதுவரை தேவை என்பதையெல்லாம் பதிவிலேயே எழுதுங்கள். பகிரும் முன் ஒருமுறை அந்த எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். தேவை நிறைவேறியதும் முதல் வரியில் "தேவை நிறைவேறியது" என்று திருத்தி, எண்ணை நீக்குங்கள். 2015 சென்னை வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் உதவிப் பதிவுகளைப் பகிர்ந்தவர்களுக்கு, தேதியும் நேரமும் இல்லாத ஒரு வேண்டுகோள் எவ்வளவு பேரை அலைக்கழிக்கும் என்பது தெரியும்.

விபத்துப் படங்களைப் போடாதீர்கள். மகன் இறந்த செய்தி ஒரு தாய்க்குக் குழுப் படத்தில் தெரிய வரக் கூடாது. பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தையின் பெயர், படம், பள்ளி, குடும்பம் என்று அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவதை 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு தடை செய்கிறது. "நீதி வேண்டும்" என்று கேட்கும் பதிவுக்கும் இது பொருந்தும். தற்கொலைச் செய்தியில் முறையை விவரிக்காதீர்கள். அதற்குப் பதில் உதவி எண்ணைச் சேருங்கள். இந்தியாவில் டெலி மானஸ் 14416, கட்டணமில்லாதது.

குழந்தைகளின் படம் போடும் முன் பெற்றோரிடம் கேளுங்கள், விவரம் தெரிந்த குழந்தையாக இருந்தால் குழந்தையிடமும் கேளுங்கள்.

மாற்றுத்திறனாளி ஒருவர் பேருந்தில் ஏறுவதையோ காய்கறி வாங்குவதையோ அவருக்குத் தெரியாமல் படமெடுத்து, "இவரே இப்படி என்றால் நமக்கு என்ன குறை" என்று போடுகிறார்கள். அவர் காய்கறி வாங்கப் போனார், நமக்குப் பாடம் நடத்தப் போகவில்லை. ஆஸ்திரேலியாவின் ஸ்டெல்லா யங் 2014இல் சிட்னியில் ஆற்றிய உரையில் இதைத்தான் எதிர்த்தார்: மாற்றுத்திறனாளிகளின் அன்றாட வாழ்க்கையை மற்றவர்கள் ஊக்கம் பெறும் பொருளாக்குவதை. அவர் சக்கர நாற்காலியில் வாழ்ந்த பத்திரிகையாளர், நகைச்சுவைக் கலைஞர். அந்தப் பேருந்தின் படி ஏன் அவ்வளவு உயரமாக இருக்கிறது என்று எழுதுங்கள். அந்தப் பதிவை நானும் பகிர்வேன்.

படி 8: பழைய பதிவுகள்

எல்லாவற்றையும் திருத்த உட்கார்ந்தால் அலுத்துவிடும். மேலே பின் செய்து வைத்திருக்கும் பதிவு, தொலைபேசி எண்ணோ முகவரியோ உள்ள பதிவு, இன்னும் நடக்கவிருக்கும் நிகழ்ச்சியின் பதிவு, இந்த மூன்றை மட்டும் முதலில் சரிசெய்யுங்கள். போன வருடப் பொங்கல் வாழ்த்தை விட்டுவிடலாம்.

யாராவது "எனக்கு இது படிக்க முடியவில்லை" என்று சொன்னால், விளக்கம் சொல்லும் முன் அவர் கேட்ட செய்தியை முதலில் எழுதிக் கொடுங்கள், பிறகு பதிவைத் திருத்துங்கள். எல்லாப் பதிவையும் அவரையே சரிபார்க்கச் சொல்லாதீர்கள், அது அவர் வேலை இல்லை. நானும் ஐயாவிடம் கேட்கவில்லை. அவராகவே ஒருநாள், "அனுப்பறதுக்கு முன்னாடி எனக்கு ஒருதடவை அனுப்புங்க தம்பி, கேட்டுப் பாத்துச் சொல்றேன்" என்றார். இப்போது சனிக்கிழமை இரவு வரைவு அவருக்குப் போகிறது. போன மாதம் அவர் திருத்தியது ஒரே இடம்: "சரியாக 5 மணி"யில் நான் காலையா மாலையா என்று எழுத மறந்திருந்தேன்.